உரிமையாளர் தெரியவில்லை

விமானம் வருமா என்று என்னிடம் கேட்காதீர்கள்.
என் வேலை தரைக்குக் கீழே.
யாரோ ஓர் அலுவலகத்தில் ஸ்கேல் வைத்து இழுத்த
ஓடுபாதைக் கோட்டுக்கு அடியில்
என்னென்ன போகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும்,
அவ்வளவுதான்.

மணக்குடி உப்பளத்துக்கு வடக்கே
மூன்று சக்கர ராடார் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறேன்.
தேங்காய் வெட்ட வந்தவர் மரத்திலிருந்தே கேட்கிறார்:
"புதையலாக்கும்?"
"ஆமா, கக்கூஸ் குழாய்."
சிரிப்பு ஓலைகளில் இறங்கி வருகிறது.

குழாய் திரையில் குழாயாகத் தெரியாது.
கவிழ்த்த வில்.
புருவத்தை வரைந்துவிட்டுக்
கண்ணை மறந்துபோன முகம்.

மின்வாரியம் தந்தது டீக்கறை படிந்த ஒரு நகல்.
இணையக் கம்பி புதைத்த கம்பெனியிடம் வரைபடமே இல்லை,
காண்டிராக்டரின் செல் நம்பர் இருந்தது.
அவர் இப்போது தக்கலையில் பேக்கரி வைத்திருக்கிறார்.
"வேலிக்கல்லுக்கு இடப்பக்கம்" என்றார்,
பின்னால் யாரோ பன் கேட்டுக்கொண்டிருக்க.
வேலிக்கல் எங்கே?
வேலியே எங்கே?

சிவப்பு மின்சாரம், ஆரஞ்சு தொலைபேசி, நீலம் தண்ணீர்.
மண்மேல் பெயின்ட் அடித்துக்கொண்டே தெற்கே வர வர
உப்பு ஈரம் ராடாரைக் குடித்துவிடுகிறது.
ஒரு மீட்டருக்குக் கீழே திரை முழுக்கச் சாம்பல்.

அந்தச் சாம்பலில்தான் பார்த்தேன்,
இருக்கிறதா இல்லையா என்று ஒரு புருவம்.
பத்தடி தள்ளி இன்னொன்று.
குடிநீர் வாரியம் துணைக்கு அனுப்பிய தாணுமாலயன்
எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"அது வேராக்கும் மேடம்."

எந்த வேர் முந்நூறு மீட்டர்
நூல் பிடித்த மாதிரி ஓடும்?

விடியுமுன் நாலரைக்கு வந்தேன்.
இரும்புக் கம்பியை மண்ணில் ஊன்றி
மறுமுனையைக் காதில் வைத்தேன்.
கடல். என் ரத்தம். ஒரு லாரி.
பிறகு, எங்கோ ஒரு கை திறந்ததும்,
ஸ்ஸ் என்று
பல்லிடுக்கில் மூச்சிழுப்பதுபோல.
தொடர்ந்து, தூரத்தில், குடம் வைக்கிற சத்தம்.

திரும்பினால் தாணுமாலயன் நிற்கிறார்,
பைக்கை அணைக்காமல்.

"சுனாமி வருசம்.
கேம்புக்கு ஒரு வாரத்துக்குன்னு போட்டது.
ஆர்டர் ஒண்ணும் கெடையாது.
கேம்பு இப்ப நாப்பத்திரெண்டு வீடு.
எழுதினா எனக்கு மெமோ வரும்.
எழுதாட்டா..."
மீதியைச் சொல்லவில்லை.
மீதியை ஒருநாள் ஜேசிபி சொல்லும்.

சோதனைக் குழியை மண்வெட்டியால் தோண்டினோம்,
கடைசி அரை அடியைச் சிரட்டையால்.
கறுப்புக் குழாய், அறுபத்து மூன்று மில்லி.
இணைப்பில் சைக்கிள் ட்யூப் சுற்றியிருந்தது.
வெயில் பட்டதும் அதன் முதுகில்
பொடிப்பொடியாக வியர்த்தது.

படிவத்தில் கட்டங்கள்.
பொருள்: பிளாஸ்டிக்.
ஆழம்: ஒன்று புள்ளி ஒன்று.
புதைத்தவர், ஆண்டு: பதிவில் இல்லை.
உரிமையாளர்: தெரியவில்லை.
நிலை என்ற கட்டத்தில் மூன்றே சொற்கள், ஒன்றைச் சுழிக்க வேண்டும்.
கைவிடப்பட்டது. சந்தேகம். புழக்கத்தில்.
பேனா மூன்றாவதற்குப் போனது.
குறிப்பு: இடம் மாற்றித் தராமல் தோண்டக் கூடாது.
நாற்பத்திரண்டு என்பதை எண்ணாலும் எழுத்தாலும் எழுதினேன்.

மாலையில் வரைபடத்தைக் காட்டினேன்.
நீலக் கோடு ஓடுபாதையைக் குறுக்கே வெட்டிப் போகிறது,
பெயரில்லாமல்.
தாணுமாலயன் வெகுநேரம் பார்த்தார்.
கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
ஒரு விரலை மெல்ல வைத்தார்.

"இந்த வளைவு இங்க இல்ல மேடம்.
இன்னும் ரெண்டடி கெழக்க.
அங்ஙண ஒரு பாறை கெடந்து."

இரண்டடி நகர்த்தினேன்.